பல்பு வாங்குவதற்கு முன் விளக்கைப் படியுங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய காருக்கு ஒரு ஜோடி எல்.இ.டி. பல்பு வாங்கினேன். பெட்டியின் மேல் 12,000 லூமென் என்று போட்டிருந்தது; லூமென் என்பது பல்பு விடும் மொத்த ஒளியின் அளவு. மாட்டிவிட்டு எதிர்ச்சுவரில் அடித்துப் பார்த்தேன். சுண்ணாம்பு அடித்த மாதிரி சுவர் முழுக்க வெள்ளை. மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அன்றிரவு திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும்போது எதிரே வந்த லாரிக்காரர்கள் ஒருவர் விடாமல் எனக்கு ஹை பீமைச் சிமிட்டினார்கள். நானோ லோ பீமில்தான் போய்க்கொண்டிருந்தேன். அதைவிட வேடிக்கை, காருக்கு முன்னால் பத்து மீட்டர் தூரம் பகல்போலத் தெரிந்தது; அதைத் தாண்டிச் சாலையோரம் மாட்டை ஓட்டிக்கொண்டு போனவர் கிட்டத்தில் வரும்வரை கண்ணில் படவே இல்லை.

மறுநாள் பழைய பல்பை ஒரு பக்கம் மட்டும் திரும்ப மாட்டி, இரண்டையும் சுவரில் ஒப்பிட்டேன். பழைய பல்பின் வெளிச்சம் ஒரு கோட்டோடு நின்றது. கோட்டுக்குக் கீழே வெளிச்சம், மேலே இருட்டு, இடது பக்கத்தில் மட்டும் அந்தக் கோடு மெல்ல மேலேறியது. புதிய பல்பில் கோடு என்று எதுவும் இல்லை. மெக்கானிக்குகள் கட்-ஆஃப் என்று சொல்லும் அந்தக் கோடுதான் முகப்பு விளக்கின் உயிர் என்பது அதற்குப் பிறகே எனக்குப் புரிந்தது. விதிகளைத் தேடிப் படித்ததும் அப்போதுதான். அவற்றைப் படித்தவரையில் எனக்குப் பட்டது இது: வெளிச்சம் எவ்வளவு என்பதைவிட, அது எந்த இடத்தில் பிறக்கிறது என்பதைப் பற்றித்தான் அந்த விதிகள் அதிகம் கவலைப்படுகின்றன. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

விதி எங்கிருந்து வருகிறது

உலகின் பெரும்பகுதி பின்பற்றும் வாகன விளக்கு விதிகள் ஜெனீவாவில் எழுதப்படுகின்றன. ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின்கீழ் 1958-இல் ஏற்பட்ட ஒப்பந்தம் அவற்றுக்கு அடிப்படை. இழை கொண்ட பல்புகளுக்கு ஒழுங்குமுறை எண் 37, வாயுவில் மின்பொறி பாய்ந்து எரியும் செனான் பல்புகளுக்கு 99, மாற்றத்தக்க எல்.இ.டி.களுக்கு 128. இவை மூன்றும் ஒளிமூலத்துக்கு, அதாவது பல்புக்கு மட்டும். பல்பு உட்காரும் விளக்குக்கு வேறு எண்கள்: ஆலஜன் விளக்குகளுக்கு, அதாவது ஆலஜன் வாயு நிரப்பிய இழை பல்பு எரியும் விளக்குகளுக்கு 112, செனான் விளக்குகளுக்கு 98. அந்த விளக்கை வண்டியில் எங்கே, எந்தச் சாய்வில் பொருத்துவது என்பதற்கு 48. விளக்குகளுக்கான பல எண்களையும் ஒன்றாக்கி 2019-இல் எண் 149 வந்தது. ஆனால் சாலையில் ஓடும் வண்டிகளில் நீங்கள் இன்னும் பார்க்கப்போவது பெரும்பாலும் பழைய எண்களின் குறிகளைத்தான்.

இந்தியா அந்த 1958 ஒப்பந்தத்தில் இல்லை. 1998-இல் உருவான மற்றோர் உலக ஒப்பந்தத்தில் 2006-இல் சேர்ந்தது. இங்கே சட்டப்படி செல்லுபடியாவது 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும், அவை சுட்டும் ஏ.ஐ.எஸ். எனப்படும் வாகனத் தொழில் தரங்களும். பல்புக்கு ஏ.ஐ.எஸ்-034, விளக்குக்கு ஏ.ஐ.எஸ்-010, கார்களிலும் லாரிகளிலும் விளக்கைப் பொருத்துவதற்கு ஏ.ஐ.எஸ்-008, இருசக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு ஏ.ஐ.எஸ்-009. புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிலையங்கள் இவற்றின்படி சான்று தருகின்றன. தொழில்நுட்ப உள்ளடக்கம் பெரும்பாலும் ஜெனீவா விதிகளை ஒட்டியே இருப்பதால், அதைப் புரிந்துகொண்டவருக்கு இதுவும் புரிந்துவிடும். அமெரிக்கா தனி உலகம்; அங்கே தயாரிப்பாளரே தன் பொருளுக்குச் சான்று சொல்லிக்கொள்ளும் முறை. அதை இங்கே தொடவில்லை.

எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். பல்புக்கு ஒரு அனுமதி, விளக்குக்கு வேறோர் அனுமதி என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். விளக்கைச் சோதிக்கும்போது ஒரு குறிப்பிட்ட வகைப் பல்பை வைத்துத்தான் சோதிக்கிறார்கள். அந்த வகை மாறினால் விளக்கு பெற்ற அனுமதிக்குப் பொருள் இல்லை. இரண்டும் தனித்தனியே நல்லவையாக இருக்கலாம். சம்பந்தம் பொருந்தியிருக்க வேண்டும்.

முதல் வேலை: வகையைக் கண்டுபிடித்தல்

எச்1, எச்4, எச்7, எச்11, எச்.எஸ்1 என்பவை எந்த நிறுவனத்தின் மாடல் பெயரும் அல்ல. அவை பன்னாட்டு வகைப் பெயர்கள். எந்த நாட்டில் யார் செய்தாலும் எச்7 என்றால் அதன் அடித்தட்டிலிருந்து இழை இருக்கும் உயரம் ஒன்றே. வண்டியின் கையேட்டில் 'பல்புகள்' என்ற பட்டியலைப் பாருங்கள். கையேடு இல்லையென்றால் விளக்கின் பின்பக்க பிளாஸ்டிக்கில் புடைப்பாகவோ லேபிளாகவோ வகைப்பெயர் இருக்கும். கழற்றிய பல்பின் உலோகத் தட்டில் கட்டாயம் இருக்கும். ஆனால் உங்களுக்கு முன் வண்டியை வைத்திருந்தவர் தவறான பல்பை மாட்டியிருக்கவும் கூடும். ஆகவே பல்பை மட்டும் நம்பாமல் விளக்கையும் பாருங்கள்.

கார்களில் அதிகம் கண்ணில் படுவது எச்4. 12 வோல்ட்டில் 60/55 வாட். ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள், ஒன்று ஹை பீமுக்கு, மற்றது லோ பீமுக்கு. 13.2 வோல்ட்டில் சோதித்தால் ஹை பீம் இழை 1,650 லூமெனும் லோ பீம் இழை 1,000 லூமெனும் தர வேண்டும். கூடுதல் குறைவு 15 சதவீதம் வரை போகலாம். எச்7-க்கு ஒரே இழை, 55 வாட், 1,500 லூமென், விலகல் 10 சதவீதம். எச்11-உம் 55 வாட்தான், ஆனால் 1,350 லூமென். பைக்குகளில் எச்.எஸ்1, 35/35 வாட், 825-உம் 525-உம்.

விதி 'இவ்வளவுக்குக் குறையாமல்' என்று மட்டும் சொல்லவில்லை, 'இவ்வளவுக்கு மேல் போகாமல்' என்றும் சொல்கிறது. எச்4 லோ பீம் 1,150 லூமெனைத் தாண்டினால் அது எச்4 ஆகாது. என் பெட்டியில் அச்சிட்டிருந்த 12,000-ஐ இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது உண்மையாக இருந்தாலும் குற்றம், பொய்யாக இருந்தாலும் குற்றம்.

பல்பின் அடித்தட்டைப் படித்தல்

நல்ல பல்பின் உலோகத்தில் ஐந்து விஷயங்கள் பொறித்திருக்க வேண்டும் என்கிறது எண் 37: தயாரிப்பாளரின் பெயர் அல்லது முத்திரை, வோல்ட், வகைப்பெயர், வாட், அனுமதிக் குறி. அனுமதிக் குறி என்பது ஒரு வட்டத்துக்குள் ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஈ', அதன் பக்கத்தில் ஒரு எண். வட்டத்துக்கு வெளியே சில எழுத்துகளும் எண்களும் சேர்ந்த குறியீடு ஒன்றும் வரும். வட்டத்துக்குள் இருக்கும் எண் அனுமதி கொடுத்த நாடு: 1 ஜெர்மனி, 2 பிரான்ஸ், 4 நெதர்லாந்து, 11 பிரிட்டன், 43 ஜப்பான். பல்பு அந்த நாட்டில் செய்யப்பட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. சீனாவில் செய்த பல்பு நெதர்லாந்தில் அனுமதி வாங்கியிருக்கலாம். கடைக்காரர் 4-ஐக் காட்டி 'ஐரோப்பா சரக்கு' என்று சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் வட்டமும் 'ஈ'யும் இருந்து பல்பில் இல்லையென்றால் வாங்காதீர்கள். வட்டத்துக்கு வெளியே குறியீடு எதுவும் இல்லாமல் வட்டம் மட்டும் இருந்தாலும் சந்தேகப்படுங்கள். சில எல்.இ.டி. பல்புகளில் இருக்கும் 'ஈ' குறி, அருகில் உள்ள வானொலிக்கு இரைச்சல் தராமல் இருப்பதற்கான மின்காந்தப் பொருத்தச் சான்று. அது ஒழுங்குமுறை எண் 10. வெளிச்சத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. விற்பவர்கள் இதை விளக்கிச் சொல்ல மாட்டார்கள்.

சில பல்புகளில் 'யூ' என்ற எழுத்தும் இருக்கும். புற ஊதாக் கதிரைக் குறைத்த கண்ணாடி என்பது அதன் பொருள். பிளாஸ்டிக் முகப்பு கொண்ட விளக்கு மஞ்சளாகிப் போவதில் வெயிலுக்குப் பெரும்பங்கு உண்டு; உள்ளிருந்து வரும் புற ஊதாக் கதிரையும் குறைத்து வைப்பது நல்லது.

விளக்கின் முகத்தைப் படித்தல்

புதியவர்கள் பெரும்பாலும் பார்க்காமல் விடுவது இதைத்தான். ஒரு ஈரத்துணியால் விளக்கின் முகப்பைத் துடைத்துவிட்டு, கைப்பேசி வெளிச்சத்தைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். ஓரத்தில் வரிசையாக எழுத்துகள் புடைத்திருக்கும்.

'எச்' என்றால் ஆலஜன். 'சி' லோ பீம், 'ஆர்' ஹை பீம். எனவே எச்.சி.ஆர். என்றால் ஆலஜன் பல்பில் இரண்டு பீமும் தரும் விளக்கு. எச்.சி.க்கும் ஆருக்கும் நடுவே சாய்கோடு இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் எரியக் கூடாது என்று பொருள். அப்படிப்பட்ட விளக்கில் ஹை பீம் போடும்போது லோ பீமும் அணையாமல் இருக்கும்படி வயரைக் குறுக்கே இணைத்துக் கொடுக்கும் எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். அந்தச் சாய்கோட்டைக் காட்டி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 'எச்'சின் இடத்தில் 'டி' இருந்தால் அது செனான் விளக்கு. 'பி.எல்.' பிளாஸ்டிக் முகப்பு.

அருகில் 12.5, 17.5, 20 என்பதுபோல ஓர் எண் இருக்கும். அது ஹை பீமின் உச்சச் செறிவைக் காட்டுகிறது. வண்டியில் ஒரே நேரத்தில் எரியும் எல்லா ஹை பீம் விளக்குகளின் எண்களையும் கூட்டினால் 100-ஐத் தாண்டக் கூடாது. 100 என்பது 4,30,000 கேண்டெலா; கேண்டெலா என்பது ஒரு திசையில் போகும் ஒளியின் செறிவை அளக்கும் அலகு. முன்பக்கக் கம்பியில் நான்கைந்து கூடுதல் விளக்குகளை அடுக்கிய ஜீப்பைப் பார்க்கும்போது இந்தக் கூட்டல் கணக்கு எனக்கு நினைவுக்கு வரும்.

அடுத்து அம்புக்குறி. இடதுபுறம் போக்குவரத்து உள்ள நம் நாட்டில் கட்-ஆஃப் கோடு இடதுபுறம், அதாவது நடைபாதைப் பக்கம், மேலேற வேண்டும். அப்படிச் செய்த விளக்கில், அதற்கு எதிரே நின்று பார்ப்பவரின் வலக்கைப் பக்கம் நோக்கி ஓர் அம்பு இருக்கும். இருபுறமும் கூர் உள்ள அம்பு என்றால் இரண்டு வகைச் சாலைக்கும் மாற்றிக்கொள்ளலாம். அம்பே இல்லையென்றால் அது வலதுபுறப் போக்குவரத்துக்கானது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் முழு விளக்குகளிலும், ஐரோப்பாவில் கழற்றி விற்கப்படும் பழைய விளக்குகளிலும் இந்தப் பிரச்சினை அதிகம். வட்டத்துக்குள் 'ஈ' இருக்கும், வேலைப்பாடு அருமையாக இருக்கும், ஆனால் நம் சாலையில் அதன் மேலேறும் பக்கம் நேராக எதிரே வருபவரின் கண்ணில் போய் விழும். ஜப்பானும் இடதுபுறம் ஓட்டும் நாடு என்பதால், அங்கிருந்து இறக்கிய வண்டிகள் ஓடும் இலங்கையில் இந்தத் தொல்லை குறைவு. லண்டனிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போகும் உறவினர்களுக்கு இதுவே தலைகீழாக வரும்.

ஏன் இத்தனை கண்டிப்பு

இங்கே கொஞ்சம் நின்று போகலாம். விளக்கைச் சோதிக்கும்போது அதற்கு முன்னால் 25 மீட்டரில் ஒரு திரை வைத்து, சாலையின் குறிப்பிட்ட இடங்களுக்கு ஒத்த புள்ளிகளில் ஒளியை அளக்கிறார்கள். ஒரு புள்ளி, 50 மீட்டரில் எதிரே வரும் ஓட்டுநரின் கண். இன்னொன்று, நம் பக்கத்துச் சாலையோரத்தில் 75 மீட்டர் தொலைவு. கார்களுக்கு வழக்கமான பி வகுப்பு ஆலஜன் விளக்கில் முதல் புள்ளிக்கு 350 கேண்டெலாவுக்கு மேல் போகக் கூடாது. இரண்டாவதற்கு 10,100 கேண்டெலாவுக்குக் குறையக் கூடாது. ஏறத்தாழ 29 மடங்கு வேறுபாடு. இந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையே உயர வாக்கில் இருக்கும் கோணமோ 1.14 டிகிரி. 25 மீட்டர் திரையில் அது ஒரு முழத்தைச் சற்றே தாண்டிய அரை மீட்டர்.

ஒரு டிகிரி இடைவெளியில் ஒளியை அப்படி வெட்ட வேண்டுமென்றால், பிரதிபலிக்கும் கிண்ணத்தின் குவியப் புள்ளியைப் பொறுத்து இழை எங்கே நிற்கிறது என்பது மில்லிமீட்டரின் பத்தில் சில பங்கு துல்லியத்தில் தெரிந்திருக்க வேண்டும். எண் 37-இன் வரைபடப் பக்கங்கள் இதற்காகவே இருக்கின்றன.

எச்4-ஐக் கையில் எடுத்துப் பாருங்கள். கண்ணாடிக்குள் முன்னால் இருக்கும் இழைக்குக் கீழே சிறு கரண்டிபோல ஓர் உலோகத் தகடு தெரியும். தகட்டுக்கு மேலே இருக்கும் அந்த இழைதான் லோ பீம் இழை. கீழ்நோக்கிப் போகும் ஒளியை அந்தக் கரண்டி தடுத்துவிடும். ஆகவே கிண்ணத்தின் மேற்பாதி மட்டுமே ஒளி பெறும். அது ஒளியைக் கீழே, சாலைக்கு அனுப்பும். கரண்டியின் ஒரு விளிம்பு 15 டிகிரி சாய்த்து வெட்டப்பட்டிருக்கிறது. சுவரில் ஒரு பக்கம் மட்டும் கோடு மேலேறுகிறதே, அது அந்தச் சாய்ந்த விளிம்பின் வேலை. பின்னால் கரண்டி இல்லாமல் இருப்பது ஹை பீம் இழை. கண்ணாடியின் நுனியில் கறுப்புப் பூச்சு இருப்பது, கிண்ணத்தைத் தொடாமல் நேரே முன்னால் சிதறும் ஒளியை மறைப்பதற்கு. மலிவான ஒரு பல்புக்குள் இவ்வளவு சிந்தனை இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான்.

இன்னும் வெளிச்சம் வேண்டும் என்பவர்களுக்கு

முதலில் வோல்ட் மீட்டரை எடுங்கள். எஞ்சின் ஓடும்போது, விளக்கு எரியும்போது, பல்பின் முனைகளில் எவ்வளவு வருகிறது என்று அளந்து பாருங்கள். எச்4 லோ பீம் 13.2 வோல்ட்டில் 1,000 லூமென். அதே பல்பு 12 வோல்ட்டில் 750 லூமென்தான். விதியில் குறித்திருக்கும் எண்களே இவை. பழைய வண்டிகளில் சுவிட்ச், துருப்பிடித்த எர்த் இணைப்பு, மெல்லிய வயர் எல்லாம் சேர்ந்து ஒரு வோல்ட்டைத் தின்றுவிடும். எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, பேட்டரியிலிருந்து நேராக விளக்குக்கு மின்சாரம் விடும் ஒரு நல்ல ரிலே சுவிட்ச் போட்டாலே கால்வாசி வெளிச்சம் திரும்பி வரும். பல்பைத் தொடவே வேண்டியதில்லை. அடுத்து, மங்கிய பிளாஸ்டிக் முகப்பை மெருகேற்றுங்கள். பத்து ஆண்டு வெயில் பட்ட விளக்கில் இதுவே பெரிய மாற்றம்.

பிறகு, '+50 சதவீதம்', '+100 சதவீதம்' என்று பெட்டியில் போட்ட ஆலஜன் பல்புகள். இவை ஏமாற்று அல்ல. ஆனால் மொத்த ஒளி கூடுகிறது என்று நினைக்க வேண்டாம். லூமென் அதே எல்லைக்குள்தான் இருந்தாக வேண்டும். இழையைச் சுருக்கமாகச் சுற்றி, துல்லியமாக வைத்து, சாலையின் குறிப்பிட்ட இடத்தில் செறிவைக் கூட்டுகிறார்கள். அதற்குக் கொடுக்கும் விலை, பல்பின் ஆயுள் குறைவது. நெடுஞ்சாலையில் இரவில் அதிகம் ஓட்டுபவருக்கு ஏற்றது. நகரத்துக்குள் ஓட்டுபவருக்குத் தண்டம். நீலம் பூசிய பல்பு யாருக்குமே தண்டம். பூச்சு, ஒளியின் ஒரு பகுதியை வடிகட்டி வீணாக்குகிறது, அவ்வளவுதான்.

100/90 வாட் எச்4 பற்றி ஒரு சொல். 55 வாட் பல்பு ஏறத்தாழ நாலரை ஆம்பியர் எடுக்கும். 100 வாட் எட்டுக்கு மேல். வயரும் ஹோல்டரும் அதற்குச் செய்யப்பட்டவை அல்ல. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தக் கணக்கு. பல்பின் விலையைப்போலப் பல மடங்கு, உருகிய ஹோல்டருக்கும் கருகிய பிரதிபலிப்பானுக்கும் போகும். அவை சாலையில் பயன்படுத்த அனுமதி பெற்றவையும் அல்ல.

எச்8, எச்9, எச்11 மூன்றின் அடிப்பாகமும் ஒரே குடும்பம்; விளக்கில் பொருந்தும் நாக்குகள் மட்டும் வேறு. நாக்கை அரத்தால் தேய்த்து எச்11 இடத்தில் எச்9-ஐ மாட்டும் 'வித்தை' உலகெங்கும் உண்டு. எச்9 தருவது 2,100 லூமென், ஆனால் அது ஹை பீமுக்கானது; நுனியில் கறுப்புப் பூச்சு இல்லை. நாக்குகளை வெவ்வேறாக வைத்ததே இப்படி மாற்றக் கூடாது என்பதற்காகத்தான்.

பைக் வைத்திருப்பவர்களும் இதையே செய்கிறார்கள். எச்.எஸ்1 இடத்தில் எச்4. இங்கேயும் தட்டின் நாக்கு சற்றே வேறு, அரம் வேண்டும். 35 வாட்டுக்கு வடிவமைத்த மின்சுற்றில் 60 வாட் ஏற்றினால் பேட்டரி சோர்ந்துபோகும். 2017 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் விற்கும் புதிய இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும்வரை முகப்பு விளக்கும் எரிந்துகொண்டே இருக்கிறது. எனவே அந்தச் சூடு இரவில் சில மணி நேரம் மட்டும் அல்ல, நாள் முழுக்க.

எல்.இ.டி.யும் செனானும்

தொழிற்சாலையிலேயே எல்.இ.டி. வைத்து வந்த விளக்கில் எந்தச் சிக்கலும் இல்லை. அதன் கிண்ணமும் லென்சும் அந்த ஒளிமூலத்துக்காகவே வரையப்பட்டவை. சிக்கல் ஆலஜன் விளக்கில் எல்.இ.டி. பல்பைத் திணிப்பதில். இழை என்பது ஓர் உருளை. சுற்றிலும் ஒளி விடும். எல்.இ.டி. பல்பிலோ ஒரு தகட்டின் இரண்டு முகங்களில் சில்லுகள் ஒட்டியிருக்கும். தகட்டின் தடிமனால் ஒளிமூலம் குவியத்திலிருந்து விலகுகிறது, விளிம்புப் பக்கம் நிழல் விழுகிறது. கோடு கலைகிறது. எனக்கு நேர்ந்தது அதுதான். அருகில் தரை அளவுக்கு மீறி ஒளிர்ந்தால் கண் அதற்குப் பழகிச் சுருங்கிக்கொள்ளும். தொலைவு இன்னும் இருட்டாகிவிடும்.

இது நடக்கவே முடியாத காரியம் அல்ல. ஜெர்மனியில் 2020-இல் ஆஸ்ராம் நிறுவனத்தின் எச்7 எல்.இ.டி. பல்புக்குச் சாலை அனுமதி கிடைத்தது. பிறகு பிலிப்ஸ் பல்பும் வந்தது. ஆனால் அந்த அனுமதியின் வடிவத்தைக் கவனியுங்கள். 'எச்7 உள்ள எல்லா வண்டிக்கும்' என்று கொடுக்கவில்லை. ஒவ்வொரு கார் மாடலின் விளக்கிலும் தனித்தனியே சோதித்து, தேறியவற்றைப் பட்டியலிட்டுக் கொடுத்தார்கள். பட்டியலில் இல்லாத காரில் அதே பல்பு சட்டவிரோதம். ஜெர்மனியில் இருக்கும் வாசகர்கள் பல்பை வாங்குவதற்கு முன் அந்தப் பட்டியலில் தம் விளக்கின் அனுமதி எண்ணை ஒப்பிட வேண்டும். அங்கே தேறிய பல்பை இந்தியாவில் வாங்கி மாட்டுபவருக்கு அந்தச் சான்று எதற்கும் உதவாது.

செனானில் 35 வாட் டி2.எஸ். பல்பு 3,200 லூமென் தருகிறது. லோ பீமின் ஒளிமூலம் 2,000 லூமெனைத் தாண்டினால் வண்டியில் விளக்கைத் தானாகச் சமன் செய்யும் கருவியும், முகப்பைக் கழுவும் கருவியும் இருக்க வேண்டும் என்கிறது எண் 48. டி5.எஸ். என்ற 25 வாட் பல்பு ஏன் சரியாக 2,000 லூமெனில் நிற்கிறது என்று இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். 'எஸ்' என்பது லென்ஸ் வைத்த புரொஜெக்டர் விளக்குக்கு. 'ஆர்' என்பது பிரதிபலிப்பான் கிண்ணத்துக்கு, அதன் கண்ணாடியில் கறுப்புப் பட்டைகள் இருக்கும். இரண்டையும் மாற்றிப் போடாதீர்கள். செனானை நீங்களே கழற்றவும் வேண்டாம். அதைப் பற்றவைக்கும் மின்னழுத்தம் 20,000 வோல்ட்டுக்கு மேல்.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது

தயாரிப்பாளர் பதிவு செய்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் இதைக் கண்டிப்பாகவே பொருள்கொண்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது: அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இரண்டு விளக்கு ஒரு மாற்றமா, இரண்டு மாற்றமா என்று என்னிடம் ஒரு நண்பர் கேட்டார். அதை நீதிபதியின் முன் நின்று கேட்க வேண்டாம் என்றேன்.

மாட்டும்போது

எஞ்சினை நிறுத்தி, விளக்கு ஆறும்வரை காத்திருங்கள். புதிய பல்பின் கண்ணாடியைக் கையால் தொடாதீர்கள்; விரலின் எண்ணெய்ப் பசை சூட்டில் கருகி அந்த இடத்தில் கண்ணாடி பலவீனமாகும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட் நனைத்த சுத்தமான துணியால் துடையுங்கள். எச்4 தட்டில் மூன்று நாக்குகளில் ஒன்று அகலமானது; அது மேலே வர வேண்டும். கம்பிக் கொக்கி 'டக்' என்று உட்காரும்வரை அழுத்துங்கள். தட்டு ஒருபுறம் தூக்கியிருந்தால் மேலே சொன்ன மில்லிமீட்டர் கணக்கெல்லாம் வீண். பின்னால் உள்ள ரப்பர் மூடியை மறக்காமல் போடுங்கள், இல்லையென்றால் மழைக்காலத்தில் விளக்குக்குள் வியர்க்கும். இரண்டு பக்கப் பல்புகளையும் சேர்த்தே மாற்றுவது நல்லது.

பிறகு சுவர். சமதளத்தில், சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். டயரில் காற்று சரியாக இருக்கட்டும், ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்காரட்டும், டாஷ்போர்டில் விளக்கைச் சமன் செய்யும் சக்கரம் இருந்தால் 0-இல் வையுங்கள். விளக்கின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். பானெட்டைத் திறந்தால் விளக்குக்கு அருகே ஒரு சிறு விளக்குப் படமும் 1.0 அல்லது 1.2 என்பதுபோல ஒரு சதவீத எண்ணும் இருக்கும். தயாரிப்பாளர் குறித்த சாய்வு அது. 1 சதவீதம் என்றால் 5 மீட்டரில் 5 சென்டிமீட்டர்; 1.2 என்றால் 6. கட்-ஆஃபின் படுக்கைப் பகுதி சாக்பீஸ் கோட்டுக்கு அவ்வளவு கீழே விழ வேண்டும், மேலேறும் பகுதி இடதுபுறம் இருக்க வேண்டும். இல்லையென்றால் விளக்கின் பின்னால் உள்ள திருகை ஒரே பக்கம் கால் சுற்றாகத் திருகிப் பாருங்கள். எந்தப் பக்கம் எத்தனை சுற்று என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டால் திரும்பி வர வழி இருக்கும்.

பின் இருக்கையில் மூன்று பேரும் டிக்கியில் அரிசி மூட்டையுமாக ஊருக்குக் கிளம்பும் நாளில், அந்தச் சமன் சக்கரத்தை 2-க்கோ 3-க்கோ திருப்புங்கள். பின்பக்கம் தாழ்ந்தால் முன்னால் விளக்கு அண்ணாந்துவிடும். கழற்றிய பழைய பல்பு எரிகிற நிலையில் இருந்தால் புதிய பல்பின் பெட்டியிலேயே போட்டு டிக்கியில் வையுங்கள். என் 12,000 லூமென் ஜோடி வீட்டுப் பரணில் கிடக்கிறது. யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை.